நாற்பத்தாறு வயது நெஞ்சு

மோப்பக்காரர் எந்த உணவகத்துக்குள்ளும் முன்வாசல் வழியாகப் போனது கிடையாது. நகராட்சியில் உணவகங்களைச் சோதனை போடுகிற வேலை அவருக்கு. முன்னால் போனால் பூச்சாடியும் முதலாளியின் பல்லும்தான் தெரியும், பின்னால் போனால்தான் வண்டவாளம் தெரியும் என்பார். பின்கதவைத் தள்ளியதும் மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவார். அடைத்துக்கொண்ட சாக்கடை, நாலாம் தடவை காய்ந்த எண்ணெய், மாவு மூட்டைக்கு அடியில் செத்த எலி என்று எதுவானாலும் மூக்கே சொல்லிவிடும். பேனாவை அதற்கப்புறம்தான் எடுப்பார். சமையல்காரர்கள் வைத்த பெயர்தான் மோப்பக்காரர். அது அடுப்படியிலிருந்து கிளம்பி அலுவலகத்துக்கு வந்து, கடைசியில் அவர் குடியிருந்த தெருவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்படி ஒரு வேலையை முப்பது வருஷம் பார்த்தவனுக்கு உலகம் எப்படி இனிக்கும்? வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். விசேஷ வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே காலில் செருப்பு ஏறிவிடும். யாராவது கை கொடுத்தால் கொடுத்த கையைத் தன்னுடையது இல்லை என்பதுபோல் உடம்பிலிருந்து தள்ளியே வைத்துக்கொண்டு வீடு வந்து சேருவார். அவர் மனைவி பொறுமைசாலி, ஆனால் வாய் சும்மா இருக்காது. "எமனே வந்தாலும் நீங்க முதல்ல கையைக் கழுவிட்டு வாடான்னுதான் சொல்லுவீங்க" என்பாள்.

எமன் ஏறக்குறைய வந்தான். ஓய்வு பெற்ற மறு வருஷம், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. வேர்த்துக் கொட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அந்த வலியிலும் ஸ்ட்ரெச்சர் விரிப்பில் வேறு யாருடையதோ காய்ந்த ரத்தக் கறை கண்ணில் பட்டுவிட்டது. "இதை மாத்துங்க" என்று சொன்னதாக அவருக்கு ஞாபகம். முனகல்தான் கேட்டதாக உடன் வந்தவர்கள் சொன்னார்கள். அடைத்திருந்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்து, நாடியை மட்டுப்படுத்துகிற மாத்திரை உள்படக் கைநிறைய மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மெல்ல மெல்ல உடற்பயிற்சி செய்ய வேண்டும், அதையும் யாராவது கண்காணிக்கிற இடத்தில் செய்ய வேண்டும் என்றார் மருத்துவர்.

வங்கியில் வேலை பார்க்கிற மகள்தான் அந்த மையத்தைக் கண்டுபிடித்தாள். கண்ணாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. எங்கே பார்த்தாலும் வெள்ளை. மோப்பக்காரர் கதவருகே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். எலுமிச்சை வாசனைத் தெளிப்பானைத் தவிர ஒன்றும் இல்லை. தரையில் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். தூசி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இடம் அவருக்குப் பிடித்துப் போனது.

முதல் நாள் பரிசோதனை. காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள், இதயத்தின் உண்மையான ஓட்டம் தெரிய வேண்டுமாம். லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மூன்று மாடி ஏறி, மூச்சு மேலும் கீழும் இழுக்க உள்ளே போனதுமே மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டினார்கள். அதன் அடிவயிற்றில் பச்சை வெளிச்சம் மினுக்கியது. தோலுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்து அதுவே துடிப்பை எண்ணிவிடும் என்றாள் பயிற்சியாளர் பெண். உடனே டிரெட்மில் என்கிற ஓடுபட்டையில் ஏற்றி நடக்க விட்டாள். சுவரில் இருந்த திரையில் அவர் நாடி விறுவிறுவென்று ஏறியது. இறங்கி நின்ற பிறகும் அடங்க மாட்டேன் என்றது. கடைசியில் திரையில் பெரிதாக ஒரு எண் வந்தது. அறுபத்தெட்டு. 'உங்கள் இதயத்தின் வயது.'

அவருக்கு வயது அறுபத்தொன்று.

"என் நெஞ்சு எனக்கு முன்னாடியே பொறந்திருக்கு போல" என்று பக்கத்து ஓடுபட்டையிலிருந்து ஒரு குரல் சிரித்தது. ஒல்லியாக, கழுத்து நரம்பெல்லாம் வெளியே தெரிய ஒரு மனிதர். ஓய்வு பெற்ற தபால்காரர். அவருக்கு அறுபது, அவர் நெஞ்சுக்கு அறுபத்தைந்து என்று வந்திருந்தது.

தபால்காரரை மோப்பக்காரருக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. அந்த ஆள் எதைச் செய்தாலும் எச்சில் படாமல் செய்ய மாட்டார். விரலை நக்கிப் பத்திரிகையைத் திருப்புவார். அதே விரலால் ஓடுபட்டையின் பொத்தானை அழுத்துவார். காகிதப் பொட்டலத்திலிருந்து வறுத்த கடலையை உள்ளங்கையில் கொட்டி, அந்தக் கையையே நீட்டி, "எடுத்துக்கோங்க சார், நெஞ்சுக்கு நல்லது" என்பார். வாழ்நாளெல்லாம் தபால்தலையை நக்கி ஒட்டிய நாக்கு, ஓய்வு பெற மறுக்கிறது என்று மோப்பக்காரர் மனைவியிடம் சொல்லி முகத்தைச் சுளித்தார்.

இருந்தாலும் வாரத்துக்கு மூன்று நாள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் பேச்சு வராமல் போகுமா? தபால்காரரின் மணிக்கட்டு குச்சிபோல் இருக்கும். பட்டை வளையல் மாதிரி மேலும் கீழும் ஆடும். பயிற்சியாளர் பெண் ஓடிவந்து இறுக்குவாள்.

"ஐயா, இது தோலோட ஒட்டி இருக்கணும். லூசா ஆடினா துடிப்ப விட்டுட்டு உங்க நடைய எண்ணிடும்."

"எண்ணட்டுமே பாப்பா. நடந்தே பொழைச்சவன் நான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மோப்பக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்ததும் கடைசிப் பரிசோதனை. அன்றைக்கு எல்லாம் ராஜ உபசாரம். காலை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். லிஃப்ட் ஓடியது. குளுகுளு அறையில் சாய்வு நாற்காலியில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். எங்கிருந்தோ புல்லாங்குழல் கேட்டது. பிறகு நடக்க விட்டார்கள். ஓடுபட்டை பூப்போல் ஓடியது. நாடி தெருவோரத்து மாடு மாதிரி அசைந்து அசைந்து ஏறி, நின்றதும் சாதுவாக இறங்கியது. திரையில் எண் வந்தது. மோப்பக்காரருக்கு ஐம்பத்திரண்டு. தபால்காரருக்கு நாற்பத்தாறு.

எல்லோரும் கை தட்டினார்கள். சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். தபால்காரர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "நாப்பத்தாறு வயசுல நான் சைக்கிள்ல ஊரையே சுத்துவேன் சார்" என்று மோப்பக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை மோப்பக்காரரும் அன்றைக்கு உதறவில்லை. அவருக்கும் உள்ளே குளிர்ந்திருந்தது. மகள் அந்தச் சான்றிதழைப் படம் பிடித்துச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். மைத்துனன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தான், இப்போ நீங்க எனக்குத் தம்பி" என்றான். இரண்டு நாள் அவர் படிக்கட்டில் இரண்டிரண்டாக ஏறினார். மனைவி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு மையத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் படத்தை விளம்பரப் பலகையில் போட விரும்புகிறார்களாம், ஒரு கையெழுத்து வேண்டுமாம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலில் 'பழுது' அட்டை தொங்கியது. பக்கத்துப் படிக்கட்டில் ஒரு வயதான அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு பெருமூச்சாக ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். புதுக் கூட்டம். இன்றைக்கு இவர்களுக்கு முதல் நாள்.

பழைய புத்தி சும்மா இருக்குமா? மோப்பக்காரர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். அழுத்தியதும் விளக்கு எரிந்தது. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே கண்ணாடி துடைத்து வைத்தாற்போல் பளபளத்தது. அதில் அவர் முகமே அவரைப் பார்த்தது.

அவர் அங்கேயே நின்றார். மாத்திரை போடாமல் வரச் சொன்னது, மாடி ஏற விட்டது, மூச்சு வாங்க விடாமல் ஓடுபட்டையில் ஏற்றியது, கடைசி நாளில் புல்லாங்குழல் போட்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. சோதனைக்கு முந்தின நாள் மட்டும் அடுப்படியைக் கழுவி விடுகிற முதலாளிகளை அவர் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார். இவர்கள் அதைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் நாள் தாங்களே அழுக்கைப் பூசிவிட்டு, கடைசி நாள் துடைத்துக் காட்டுகிறார்கள். அதுவும் தட்டிலோ தரையிலோ இல்லை, செத்துப் பிழைத்தவன் நெஞ்சில்.

மேலே போய்ப் பயிற்சியாளர் பெண்ணைத் தனியே கூப்பிட்டார்.

"லிஃப்ட் நல்லாத்தானேம்மா இருக்கு?"

அவள் முகம் வெளுத்தது. "மேல சொல்றாங்க ஐயா. நான் கேட்டேன். பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கோன்னாங்க."

மேலாளர் கண்ணாடி அறையில் இருந்தார். வயது முப்பதுக்குள். பேசும்போது வாயைவிடக் கை அதிகம் பேசியது.

"ஐயா, நீங்க இத ரொம்பக் கடுமையாப் பாக்குறீங்க. நோயாளிங்களுக்கு முதல்ல வேண்டியது உற்சாகம். எண்ணு நல்லா வந்தா நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்தா உடம்பு தானா தேறும்."

"மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்களே. அங்கயே ஒருத்தன் விழுந்திருந்தா?"

"யாரும் விழலையே ஐயா."

இந்தப் பதிலை மோப்பக்காரர் எங்கே கேட்டிருக்கிறார்? ஊசிப்போன குழம்பை ஊற்றியவனும் இதைத்தான் சொன்னான்: யாரும் சாகலையே சார். அறையின் எலுமிச்சை வாசனைகூட இப்போது செத்த எலியை மூடுவதற்கு அடித்ததுபோல் இருந்தது. மணிக்கட்டில் இன்னும் மாட்டியிருந்த அவர்களுடைய பட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டார். மேலாளர் அசரவில்லை. அடுத்த மூன்று மாதத்தை அவருக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னார்.

"தூ" என்றார் மோப்பக்காரர். துப்பவில்லை. துப்புவது அவருக்கு ஆகாது. சொல்லை மட்டும் விட்டுவிட்டு வெளியே வந்தார். வரும் வழியில் அந்தப் 'பழுது' அட்டையைப் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். மறுநாள் வேறொன்று தொங்கும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தபால்காரருக்குப் போன் போட்டார். விஷயத்தை முழுக்கச் சொன்னார்.

"சார்" என்றார் தபால்காரர், "நீங்க பெரிய உத்தியோகம் பாத்தவர். நான் மரியாதை வெச்சிருக்கேன். ஆனா இப்படிப் பேசலாமா? உங்களுக்கு அம்பத்திரண்டு வந்துச்சு. எனக்கு நாப்பத்தாறு வந்துச்சு. அந்த வயித்தெரிச்சல்தானே?"

"யோவ், நான் சொல்றதக் கேளு..."

"வெச்சிடறேன் சார்."

மகளும் அதே பாட்டைத்தான் வேறு ராகத்தில் பாடினாள். "அப்பா, நான் எல்லாருக்கும் அனுப்பிட்டேன்பா. இப்போ போய்ப் பொய்யின்னு எப்படிச் சொல்றது?"

"அனுப்பின வாயால சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவரே மைத்துனனைக் கூப்பிட்டு, "நான் இன்னும் உனக்கு மூத்தவன்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதிகாரிகளுக்குப் புகார் எழுதினார். அது உடற்பயிற்சி நிலையம், மருத்துவமனை இல்லை, ஆகவே எங்கள் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. அந்த வாசகத்தின் வளைவு நெளிவெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய அலுவலகமும் அப்படித்தான் எழுதும்.

இரண்டு மாதம் கழித்துத் தபால்காரரின் மனைவி போன் செய்தாள். அவர் அரசு மருத்துவமனையில் கிடப்பதாகச் சொன்னாள். மாத்திரையை நிறுத்திவிட்டாராம். நாற்பத்தாறு வயசுக்காரனுக்கு எதற்கு மாத்திரை என்று கேட்டாராம். அவர் வீட்டு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தவன் பீரோவைத் தூக்க ஆள் தேடியபோது, "நான் இருக்கேன்" என்று ஒரு பக்கம் தோள் கொடுத்திருக்கிறார். பாதிப் படியில் சாய்ந்துவிட்டார்.

மோப்பக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வார்டுக்குள் போனார். கழிவறைக் கதவு கீலிலிருந்து தொங்கியது. கட்டிலுக்கடியில் யாரோ தின்று போட்ட தோல்கள். தபால்காரர் தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. பக்கத்து மேசையில், மருந்துப் பொட்டலங்களுக்கு நடுவில், சட்டம் போட்ட அந்தச் சான்றிதழை நிறுத்தி வைத்திருந்தார்.

"கொண்டு வரணும்னு அடம் புடிச்சார்" என்றாள் மனைவி. "டாக்டருக்குக் காட்டணுமாம்."

"பாருங்க சார்" என்றார் தபால்காரர். குரல் கிணற்றிலிருந்து வந்தது. "நாப்பத்தாறுன்னு வந்தப்புறம் இப்படி ஆயிடுச்சு. அந்த பீரோக்காரன் கண்ணுதான். மிஷின் பொய் சொல்லுமா?"

மோப்பக்காரருக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. தபால்காரர் மேலேயும் வந்தது. இப்படியும் ஒருவன் நம்புவானா? அந்த மேலாளர் வந்து இந்தக் கட்டிலருகே நின்று உற்சாகத்தைப் பற்றிப் பேசட்டும். "உடம்பப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் வாசலைத் தேடி நடந்தார்.

அந்த வராந்தாவின் கோடியில்தான் ஒரு கதவுக்குப் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பழைய சாமான் அறையைப் போன்ற கூடம். இரண்டே ஓடுபட்டைகள், அதிலொன்று இருமியது. நாலு நோயாளிகள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். பருத்த உடம்புக்காரி ஒருத்தி, அந்தக் கூடத்தின் பிசியோதெரபிஸ்ட், சத்தம் போட்டு அவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தன் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மோப்பக்காரர் அங்கே போய்ச் சேர்ந்தார். மணிக்கட்டுப் பட்டை கிடையாது. நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற நாடாதான். அது எத்தனையோ நெஞ்சுகளைப் பார்த்துச் சாயம் போய், ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அதன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துத் தோலோடு ஒட்ட வைக்க வேண்டும். அவள் அதை நீட்டியபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இத யார் யார் போட்டாங்க?"

"இந்த வாரமா, இந்த வருஷமா?" என்றாள் அவள். "ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்கேன் ஐயா. வேணும்னா நீங்களும் ஒரு தடவை துடைங்க."

அவர் ஒன்றுக்கு மூன்று தடவை துடைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். ஈரம் தோலில் பட்டதும் உடம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது.

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். போடணுமா, வேண்டாமா?"

"போட்டே ஆகணும். அது நாடிய அமுக்கி வைக்கும். அதனால எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் பாத்து உங்க தெம்ப எடை போட முடியாது. ஒவ்வொரு தடவையும் அதே மாத்திரை, அதே நேரம், அதே வேகம். அப்போதான் போன மாசத்தோட இந்த மாசத்த ஒப்பிட முடியும். நின்னப்புறம் எவ்வளவு சுருக்கா இறங்குதுன்னும் பாப்போம். இப்போ கொஞ்சம் உக்காருங்க, மூச்சு அடங்கட்டும்."

மாதக் கடைசியில் மறுபடியும் நடக்க விட்டுப் பார்த்தாள்.

"எப்படி?"

"கொஞ்சம் தேவலை."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான் ஐயா."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அன்றைக்கு அவர் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டதாக அவள் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

கண்ணாடிக் கட்டடத்தின் பலகையில் இப்போது வேறொருவர் படம் சிரிக்கிறது. அந்த வழியாகப் போக நேர்ந்தால் மோப்பக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பயிற்சியாளர் பெண் வேலையை விட்டுவிட்டாளா, அங்கேயே இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்தபோது தபால்காரரும் அந்தக் கூடத்துக்கு அனுப்பப்பட்டார். நடை தளர்ந்திருந்தது, பேச்சு தளரவில்லை. நாடாவைப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை. பிசியோதெரபிஸ்ட் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோப்பக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வேர்த்த முதுகில் கை வைத்துக் கொக்கியை மாட்டிவிட்டார்.

"இதுல வயசு எங்க சார் வரும்?" என்றார் தபால்காரர்.

"வயசெல்லாம் வராது. நின்னா எவ்வளவு சுருக்கா அடங்குதுன்னு பாப்பாங்க. அவ்வளவுதான்."

தபால்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அப்போ இது மட்டமான மிஷின் சார். அங்க இருந்தது உசத்தி."

மோப்பக்காரர் விரித்த விரல்களை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வந்தது. சோப்பைக் காணோம். "இங்க சோப்பு வைக்கிறது யாரு வேலை?" என்று அவர் போட்ட சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது.